கொறடா

மராத்தியில் ‘கோரடா’ என்றால் சாட்டை. தமிழுக்கு வந்து ‘கொறடா’ ஆனது. குதிரைக்காரன் கையை விட்டுச் சட்டமன்றத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆங்கிலேயரின் நரிவேட்டையில், கூட்டத்தை விட்டு விலகும் நாய்களைச் சாட்டையால் திருப்புகிறவன் பெயரே அவர்கள் நாடாளுமன்றத்தில் கட்சிப் பதவியானது. உறுப்பினர்களுக்கு என்ன மரியாதை!

பிரிட்டனில் வாக்கெடுப்பில் கொறடாவின் உத்தரவை மீறினால் கட்சி போகலாம், எம்.பி. பதவி போகாது. 2019 செப்டம்பரில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் அப்படி நீக்கப்பட்ட 21 கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் அவையில் நீடித்தார்கள். இந்தியாவில், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே போகும். 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால் தப்பலாம். அமைச்சரவையைத் தட்டிக்கேட்க வேண்டிய ஆளுங்கட்சி உறுப்பினர் அதன் மசோதாக்களுக்கெல்லாம் கை தூக்குவது இதனால்தான்.

ஆங்கிலத்தில் ஆளுக்கும் ஆணைக்கும் ‘விப்’ என்று ஒரே பெயர். நம் செய்தித்தாள்கள் ஆணையை ‘கொறடா உத்தரவு’ என்று பிரித்தெழுதுகின்றன.