அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்கலாமா?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், பொண்ணுக்குத் தை மாசம் அரங்கேற்றம். மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, சாப்பாடுன்னு கணக்கு ஏறிக்கிட்டே போகுது. வளையலை அடகு வைக்கலாமான்னு யோசிக்கிறோம். அந்தக் காலத்துல எப்படி சார் செஞ்சாங்க?" என்றாள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டுவிட்டாள், சும்மா இருப்பேனா? அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

நம்மிடம் உள்ள பழைய, விரிவான அரங்கேற்றக் குறிப்பு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மாதவி ஐந்து வயதில் கற்கத் தொடங்கி, ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் மேடை ஏறினாள். அந்தக் காதையில் இளங்கோ அதிக இடம் கொடுத்தது எதற்குத் தெரியுமா? ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் எழுதும் புலவன், தண்ணுமை, குழல், யாழ் வாசிப்பவர்கள் ஆகியோருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு. அடுத்தது மேடை. 24 விரல் அளவுள்ள மூங்கில் கோலால் அளந்து, 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம். மூன்று வகைத் திரை. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு. விருந்துச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை!

மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் கிடைத்தன. பிறகு அதே விலைக்கு அவள் மாலை தெருவில் விற்பனைக்கு வந்தது, கோவலன் வாங்கினான். கண்ணகியின் துன்பம் அங்கேதான் தொடங்குகிறது. அரங்கேற்றத்தைக் காசால் அளந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

இன்று நம் பிள்ளைகள் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கும் வரிசை, 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் என்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் ஒழுங்குபடுத்தியது.

இனி ஒரு தாயின் கதை. வீணை தனம்மாளின் மகள் ஜெயம்மாள். தேவதாசி முறைக்கு எதிர்ப்பு வலுத்துவந்த காலம். அந்தக் குடும்பங்களில் பெண்ணை ஆட வைப்பதற்கே துணிச்சல் வேண்டும். ஜெயம்மாள் தன் மகளைக் கந்தப்பா பிள்ளையிடம் கற்க வைத்தார். 1925இல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேறிய அந்தச் சிறுமிதான் பாலசரஸ்வதி. பிற்காலத்தில் மகள் ஆட, ஜெயம்மாளே பக்கத்தில் அமர்ந்து பாடினார். ஒரு தாய் செய்யக்கூடிய ஏற்பாட்டில் இதைவிடப் பெரியது எது?

1947இல் வந்த சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்தது. அது தேவைதான். ஆனால் கோயில் வளாகத்தில் பெண்கள் ஆடுவதையும் அதே சட்டம் தடுத்தது. தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைக் காத்த எத்தனையோ தாய்மார்களுக்குத் தங்கள் பெண்ணை மேடை ஏற்றும் வாய்ப்பே இல்லாமல் போனது. இதற்கிடையில் 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். மற்ற வீட்டுப் பெண்களுக்கும் வழி திறந்தது. நம் வீட்டுப் பிள்ளை சலங்கை கட்டுகிறாள் என்றால், அந்தப் பெயர் தெரியாத தாய்மார்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். வாங்க வேண்டிய கடன் அல்ல, நினைக்க வேண்டிய கடன்.

ஆகவே அவளிடம் சொன்னேன்: "வளையலை அடகு வைக்காதே அம்மா. குருவுக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் குறை வைக்காதே. மேடைப் பலகையில் ஆணி, பிசிறு இருக்கிறதா என்று நீயே வெறுங்காலோடு நடந்து பார். முதல் நாள் குழந்தையை நேரத்தோடு தூங்க வை. அன்றைக்கு வந்தவர்களைக் கவனிக்க மாமன், சித்தப்பாவை விடு. நீ முன்வரிசையில் உட்கார்ந்து அவளைப் பார். மண்டபத்தையும் சாப்பாட்டையும் கையிலுள்ள காசுக்குத் தக்கபடி வைத்துக்கொள்."

இன்னொன்றும் சொன்னேன். அரங்கேற்றம் என்றால் அரங்கில் ஏறுவது, இறங்குவது அல்ல. ஆல்பம் வந்ததும் சலங்கையைப் பரணில் போட்டுவிடும் வீடுகள் நிறைய. அடுத்த வாரம் வழக்கம்போல வகுப்புக்கு அனுப்பு.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி சார், நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள். சாப்பாடு இல்லாவிட்டாலும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.