ஸ்டகானோவின் 102 டன்னும் சக தொழிலாளர்களும்

ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்பவர்கள் ஏன் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறார்கள்? பொறாமை மனித குணம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் ஒரு சோவியத் நிலக்கரிச் சுரங்கத்தின் கதை வேறொரு காரணத்தைக் காட்டுகிறது.

1935 ஆகஸ்ட் 30ஆம் தேதி இரவு. உக்ரைனின் டான்பாஸ் பகுதியில் உள்ள சென்ட்ரல் இர்மினோ சுரங்கத்தில் இறங்கிய அலெக்ஸி ஸ்டகானோவ், ஆறு மணி நேரத்துக்குள் 102 டன் நிலக்கரி வெட்டினார். ஒருவருக்கு விதிக்கப்பட்டிருந்த அளவு 7 டன்தான்!

இது எப்படி முடிந்தது? வழக்கமாக வெட்டுபவரே அவ்வப்போது கருவியைக் கீழே வைத்துவிட்டு, கூரை சரியாமலிருக்க மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். அன்று அந்த வேலையை வேறு இருவர் பார்த்துக்கொண்டனர். ஸ்டகானோவ் வெட்டிக்கொண்டே இருந்தார். மூவருக்கும் பங்கிட்டால் தலைக்கு 34 டன். அதுவும் பெரிய சாதனைதான். ஆனால் புகழ் பெற்றது ஒரு பெயர் மட்டுமே.

பரிசுப் பணம், வீடு, புகழ் எல்லாம் அந்தப் பெயரைத் தேடி வந்தன. சில நாட்களிலேயே அதே சுரங்கத்தின் டியுகானோவ் 115 டன் வெட்டினார். செப்டம்பரில் ஸ்டகானோவ் 227 டன்னை எட்டினார். நாடு முழுவதும் சாதனைப் பந்தயம் தொடங்கியது.

சக தொழிலாளர்கள் எல்லோரும் இதைக் கொண்டாடவில்லை. சாதனையாளருக்கு நல்ல கருவியும் போதிய மரமும் முதலில் போனால், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய அடி 1936இல் விழுந்தது. பல தொழில்களில் எல்லோருக்குமான வேலை அளவு உயர்த்தப்பட்டது. பழைய கூலியைப் பெறவே இனி அதிகம் உழைக்க வேண்டும். ஒருவரின் வெற்றி பக்கத்தில் நிற்பவரின் சுமையானது. சாதனையாளர்கள் சிலர் மிரட்டப்பட்டதும், அடிக்கப்பட்டதும், அவர்களது இயந்திரங்கள் சேதப்படுத்தப்பட்டதும் இந்தக் கோபத்தால்தான்.

இந்தப் பயம் முதலாளித்துவ அமெரிக்காவிலும் இருந்தது. சிகாகோ அருகே ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1931-32இல் 14 தொழிலாளர்களை ஆய்வாளர்கள் கவனித்தனர். அதிகம் செய்தால் கூலி விகிதம் குறைக்கப்படும் என்று அஞ்சிய அவர்கள், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் வரம்பு வைத்திருந்தனர். வேகமாக வேலை செய்பவரின் மேல்கையில் ஒரு குத்து விழும். இங்கே போட்டியே இல்லை!

இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் சாதாரணத் தொழிலாளர்கள்தான். யாருடைய உழைப்பு யார் பெயரில் எழுதப்படுகிறது, அதன் பலனும் சுமையும் யாருக்குப் போகின்றன என்பதே அவர்களைப் போட்டியாளர்களாகவோ கூட்டாளிகளாகவோ ஆக்கியது. அன்றிரவு முட்டுக் கொடுத்த இருவர் பெயரும் 102 டன்னோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தால், அடுத்த நாள் மற்றவர்கள் போட்டிக்கு இறங்கியிருப்பார்களா, கூட்டுச் சேர்ந்திருப்பார்களா?