தேங்கிய மழைநீர் வெள்ளமில்லையா?



நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தவரை வீட்டுக் காப்பீடு பற்றி யாரும் யோசித்ததில்லை. சொந்த வீடு கட்டி, 2015 நவம்பர் மழையையும் பார்த்த பிறகுதான் பலருக்கு அந்தக் கவலை வந்தது. நானும் பாலிசி எடுத்தேன்.

சென்ற ஐப்பசி மழையில் என் வீட்டுக் கூடத்தில் முழங்கால் தண்ணீர். க்ளைம் கேட்டால், "ஆறோ ஏரியோ உடையவில்லை, இது வெறும் மழைநீர்" என்று நிராகரித்துவிட்டார்கள்.

இந்த வாதம் பழையது. 2003 பெருமழையில் ஜே.கே. சிமெண்ட் ஆலையின் யார்டில் இருந்த நிலக்கரி அடித்துச் செல்லப்பட்டது. அதற்கான இழப்பீட்டை ஓரியண்டல் இன்சூரன்ஸ் மறுத்தது. வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. வழக்கமாக உலர்ந்திருக்கும் நிலத்தில் நீர் பெருகிப் பரவுவதும் வெள்ளமே என்று 2020ல் தீர்ப்பு வந்தது. நிலக்கரி ஊர்க்காரர்களான நாம் நினைவில் வைக்கவேண்டிய தீர்ப்பு இது.

நமக்கான வழிகளும் படிப்படியாக வந்தவைதான். 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1998ல் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் முறை. முதலில் நிறுவனத்துக்கே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னை ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

தண்ணீரை இறைக்கும் முன் போட்டோ எடுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நிராகரிப்புக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். அதுதான் முதல் ஆவணம்.

என் மனு விசாரணையில் இருக்கிறது. முடிவு எதுவானாலும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.