பூட்டு செய்தவர் பெயர் தெரியாது

போன மாதம் அம்மா கேட்டார்: "அப்பாவோட பாலிசி நம்பர், எஃப்.டி. விவரமெல்லாம் கம்ப்யூட்டர்லதானேடா எழுதி வெச்சீங்க?"

ஆமாம். 2011-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். கணக்கு எண்கள், லாக்கர் விவரம், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, யாருக்கு எவ்வளவு கைமாற்று கொடுத்திருக்கிறார் என்பது வரை. அதை அப்படியே டெஸ்க்டாப்பில் விட மனசு வரவில்லை. ட்ரூகிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் ஒரு பெட்டகம் செய்து, அதற்குள் போட்டுப் பூட்டினேன். அப்பா இப்போது இல்லை. பெட்டகம் மட்டும் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. ட்ரூகிரிப்ட்டின் வாரிசான வெராகிரிப்ட்டைப் புதிதாக இறக்கித் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டு தவறு, அல்லது இது பெட்டகமே இல்லை என்று பதில் வந்தது.

அந்த "அல்லது"வில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டில் எது? காரணம் தேடப் போய், ட்ரூகிரிப்ட்டின் கதைக்குள் இரண்டு வாரம் கிடந்தேன்.

முதலில் அந்த "அல்லது" ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ட்ரூகிரிப்ட் பெட்டகம் என்பது ஒரு கோப்பு. வெளியிலிருந்து பார்த்தால் முழுக்க முழுக்க இரைச்சல். நான் ட்ரூகிரிப்ட் கோப்பு என்று அறிவிக்கும் முத்திரை எதுவும் அதில் கிடையாது. முதல் 64 பைட்டுகள் தற்செயல் எண்கள். அவற்றையும் நம் பாஸ்வேர்டையும் சேர்த்து ஆயிரம் தடவைக்குக் குறையாமல் அரைத்து ஒரு சாவி செய்கிறது மென்பொருள். அந்தச் சாவியால் அடுத்த பகுதியைத் திறந்து பார்க்கும். அங்கே டி, ஆர், யு, ஈ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் பாஸ்வேர்டு சரி. தெரியாவிட்டால் ஏஇஎஸ், செர்பென்ட், டூஃபிஷ் என்று தன்னிடமுள்ள ஒவ்வொரு முறையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். எதிலும் வராவிட்டால், பாஸ்வேர்டு தப்பா, கோப்பே வேறா என்று அதற்கே தெரியாது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பெட்டகம் இருப்பதையே நிரூபிக்க முடியாது என்பதுதான் அதன் பெருமை.

இன்னொரு விஷயம், இப்போதும் பலருக்குத் தெரியாதது. நம் பாஸ்வேர்டு நேரடியாக உள்ளே இருப்பதைப் பூட்டுவதில்லை. உள்ளே இருப்பதைப் பூட்டுவது வேறொரு தலைமைச் சாவி. அந்தத் தலைமைச் சாவியைத்தான் பாஸ்வேர்டு பூட்டுகிறது. அதனால் பாஸ்வேர்டை மாற்றினால் தலைப்புப் பகுதி மட்டும்தான் மாறும், தலைமைச் சாவி பழையதேதான். பெட்டகத்தின் பழைய நகல் ஒன்றும் பழைய பாஸ்வேர்டும் ஒருவரிடம் சிக்கினால், புதிய பெட்டகமும் திறந்துவிடும். பாஸ்வேர்டு வெளியே போயிடுச்சு என்று சந்தேகம் வந்தால், புதுப் பெட்டகம் செய்து மாற்றிக்கொள்வதுதான் வழி.

சரி, கதைக்கு வருவோம். ட்ரூகிரிப்ட்டின் முதல் பதிப்பு 2004 பிப்ரவரியில் வந்தது. அது அடியிலிருந்து எழுதப்பட்டதல்ல. பால் லெ ரூ என்ற நிரலாளர் 1990களின் இறுதியில் எழுதி, மூலநிரலோடு வெளியிட்ட ஈ4எம் என்ற மென்பொருள்தான் அதன் அஸ்திவாரம். இந்த லெ ரூ பின்னாளில் போதை மருந்து, ஆயுதம் என்று ஒரு பெரிய குற்ற வலையை நடத்தி, 2012-ல் லைபீரியாவில் பிடிபட்டு, 2020-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். ஈ4எம் தன்னுடையது என்றும் ட்ரூகிரிப்ட்டை எழுதியது தானல்ல என்றும் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் எழுதியது யார்? பத்து வருடம் லட்சக்கணக்கானவர்கள் தங்கள் ரகசியங்களை வைத்துப் பூட்டிய பூட்டு அது. செய்தவர்கள் ஒருநாளும் தங்கள் பெயரைச் சொல்லவில்லை.

பூட்டு நல்ல பூட்டு என்பதற்கு வெளியிலிருந்து சாட்சிகள் வந்தன. 2008-ல் பிரேசில் போலீஸ் டேனியல் டான்டாஸ் என்ற வங்கியாளரின் வீட்டிலிருந்து ஹார்டு டிஸ்க்குகளைக் கைப்பற்றியது. அவற்றைப் பூட்டியிருந்த மென்பொருள்களில் ஒன்று ட்ரூகிரிப்ட். பிரேசிலின் தடயவியல் நிபுணர்கள் ஐந்து மாதம் முட்டிப் பார்த்தார்கள். பிறகு எஃப்.பி.ஐ. சுமார் ஒரு வருடம் முயன்றது. திறக்கவில்லை, 2010-ல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2012 டிசம்பரில் ஹவாயில் ஒரு சிறு பயிற்சிக் கூட்டம் நடந்தது. அங்கே ட்ரூகிரிப்ட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த இளைஞரின் பெயர் எட்வர்ட் ஸ்னோடென். ஆறே மாதத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அவர் வெளிக்கொண்டுவந்த என்.எஸ்.ஏ. ஆவணங்களைக் கொண்டு 2014 டிசம்பரில் டெர் ஷ்பீகல் இதழ் ஒரு கட்டுரை எழுதியது. அந்த உளவு நிறுவனத்துக்குப் பெரிய தலைவலி தரும் விஷயங்களாக டோர், ட்ரூகிரிப்ட் ஆகியவற்றோடு நம்ம சென்னைக்காரர்களின் ஸோஹோவும் அதில் இருந்தது. (இதைப் படித்தபோது காரணமே இல்லாமல் ஒரு சந்தோஷம்.)

பூட்டை உடைக்க முடியாவிட்டால் சாவியைத் தேடுவார்கள். 2013 ஆகஸ்டில் ஸ்னோடென் ஆவணங்கள் தொடர்பாக டேவிட் மிராண்டாவை லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் பிடித்து வைத்தார்கள். அவரிடமிருந்த டிஸ்க் ட்ரூகிரிப்ட்டால் பூட்டப்பட்டிருந்தது என்றும், ஒரு கோப்புக்கான பாஸ்வேர்டு எழுதிய காகிதமும் கிடைத்தது என்றும் பிரிட்டன் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. மிராண்டா தரப்பு இதை வேறு விதமாகச் சொல்கிறது. ஆனால் அந்தக் காகிதம் என் மனதில் தங்கிவிட்டது.

இவ்வளவு பேர் நம்பினார்களே, யாராவது உள்ளே பார்த்தார்களா? மூலநிரல் திறந்துதான் கிடந்தது. திறந்திருக்கிறது, யாரோ படித்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். நானும்தான். இறக்கும்போது ஒரு வரிகூடப் பார்த்ததில்லை. ஸ்னோடெனுக்குப் பிறகு, 2013-ன் கடைசியில்தான் பேராசிரியர் மேத்யூ கிரீனும் கென்னத் வைட்டும் இணையத்தில் பொதுமக்களிடம் 50,000 டாலருக்கு மேல் திரட்டி ஒரு முறையான தணிக்கைக்கு ஏற்பாடு செய்தார்கள். அதே சமயத்தில் கனடாவில் ஒரு ஆய்வு மாணவர் மூலநிரலிலிருந்து விண்டோஸ் பதிப்பைத் தானே கட்டிப் பார்த்து, தளத்தில் தரப்படுவதும் அதுதான் என்று காட்டினார். அப்படிக் கட்டுவதற்கு 1990களில் வந்த ஒரு விஷுவல் சி++ பதிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது!

தணிக்கையின் முதல் பகுதி 2014 ஏப்ரலில் வந்தது. 11 குறைகள், எதுவும் மிகத் தீவிரமானதல்ல, திட்டமிட்டு வைத்த பின்வாசல் எதுவும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

சுமார் ஆறு வாரம்தான் போயிருக்கும். மே 28 அன்று ட்ரூகிரிப்ட் தளம் தலைகீழாக மாறியது. சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை: இது பாதுகாப்பானதல்ல, சரிசெய்யப்படாத குறைகள் இருக்கக்கூடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டதால் உருவாக்கத்தை முடித்துக்கொள்கிறோம் என்று ஒரு காரணம். கூடவே மைக்ரோசாஃப்ட்டின் பிட்லாக்கருக்கு மாறுவது எப்படி என்று படம் போட்டு விளக்கம். மூலநிரலையே காட்டாத பூட்டுக்கு மாறச் சொல்லி இவர்கள் சொன்னதைத்தான் யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. புதிதாக வைத்திருந்த 7.2 பதிப்பு பெட்டகங்களைத் திறக்கும், புதிதாகச் செய்யாது. வாசகத்தின் முதலெழுத்துகளைக் கோத்து அதில் என்.எஸ்.ஏ. மறைந்திருக்கிறது என்றெல்லாம் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெயரும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் பத்து வருடம் வேலை செய்தவர்கள் களைத்துப் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

தணிக்கையாளர்கள் நிறுத்தவில்லை. செத்துப்போன மென்பொருளுக்குப் பிரேதப் பரிசோதனை மாதிரி இரண்டாம் பகுதியைத் தொடர்ந்தார்கள். 2015 ஏப்ரலில் முடிவு வந்தது. அதிலும் பின்வாசல் இல்லை. தற்செயல் எண்களை விண்டோஸிடமிருந்து வாங்கும்போது அபூர்வமாகச் சில சூழலில் அந்த அழைப்பு தோற்றாலும் நிரல் கண்டுகொள்ளாமல் மேலே போய்விடும் என்பது போன்ற சில பிழைகள் இருந்தன. ஆக, பத்து வருடம் நாம் சோதிக்காமல் நம்பினோம். சோதித்து நம்பத் தகுந்தது என்று தெரிந்தபோது செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள்.

மூலநிரலிலிருந்து ஏற்கெனவே ஒரு கிளை பிரிந்திருந்தது. மூனிர் இத்ராசி என்பவர் 2013-லேயே வெளியிட்ட வெராகிரிப்ட். ட்ரூகிரிப்ட் பாஸ்வேர்டை ஆயிரம், இரண்டாயிரம் தடவை அரைத்ததல்லவா, 2004-ன் கணினிக்கு அது போதும். அவர் அதை 5 லட்சம் தடவையாக உயர்த்தினார். பெட்டகம் திறக்கச் சில நொடி கூடுதலாகும். பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்ப்பவனுக்கு அந்த நொடிகள் வருடங்களாகும். தலைப்பில் தேடும் நான்கு எழுத்துகளும் வி, ஈ, ஆர், ஏ என்று மாறின. பல வருடம் பழைய பெட்டகங்களையும் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தது. 2023-ல் வந்த 1.26 பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

என் சிக்கல் அதுதான். புதுப் பதிப்பு பழைய நான்கு எழுத்துகளைத் தேடவே இல்லை. 1.25.9 பதிப்பை இறக்கி, ட்ரூகிரிப்ட் முறை என்ற கட்டத்தில் டிக் அடித்து, பாஸ்வேர்டைப் போட்டேன். முதல் இரண்டு தடவை தப்பு. மூன்றாவதில், அப்பாவின் முதல் ஸ்கூட்டர் நம்பரைக் கடைசியில் சேர்த்தது ஞாபகம் வந்தது. திறந்தது.

பாலிசி நம்பர்களை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். கைமாற்றுப் பட்டியலைப் படித்துக் காட்டியபோது, "அந்த மனுஷன் எப்பவோ திருப்பிக் கொடுத்துட்டாரே" என்றார் ஒரு பெயருக்கு. எல்லாவற்றையும் புது வெராகிரிப்ட் பெட்டகத்துக்கு மாற்றி, பென் டிரைவில் போட்டு, அதைத் திறக்கும் பதிப்பின் இன்ஸ்டாலரையும் கூடவே வைத்தேன். பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதினேன். காகிதம் அம்மாவின் பீரோவில், லாக்கர் சாவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பென் டிரைவ் என்னிடம்.