பிலார் என்னும் படகு

அமெரிக்க நாவலாசிரியர் எர்னஸ்ட் ஹெமிங்வே (1899-1961) நால்வரை மணந்தார். வீடுகளும் ஊர்களும் பல மாறினார். 1934ஆம் ஆண்டில் வாங்கிய மீன்பிடி படகொன்றை மட்டும் இறுதிவரை மாற்றினாரில்லை. புகழ் பெற்றவரின் ஆடம்பரப் பொருள்களுள் ஒன்றென அதனை ஒதுக்குவோர் உளர். அவருடைய பிற்கால எழுத்தை அப்படகின்றி விளக்க இயலாது என்பது என் கருத்து.

ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்திலிருந்து திரும்பியதும், நியூயார்க் புரூக்ளினிலிருந்த வீலர் படகுத் தளத்தில் அவர் இதனைச் செய்யப் பணித்தார். நீளம் 38 அடி; விலை 7,495 டாலர். 'எஸ்குயர்' இதழாசிரியர் அர்னால்டு கிங்ரிச், இனி எழுதப்போகும் கட்டுரைகளுக்கென முன்பணம் தந்து உதவினார். எழுத்தை அடகு வைத்து வாங்கிய படகு எனலாம்! பெருமீன்களை உள்ளே இழுப்பதற்கு ஏதுவாகப் பின்புற விளிம்பைத் தாழ்த்தி, மர உருளையொன்றையும் பொருத்தச் செய்தார். இயந்திரங்கள் இரண்டு, விரைந்து செல்லப் பெரியது, தூண்டிலை இழுத்தபடி மெல்ல ஊர்வதற்குச் சிறியது. 'பிலார்' என்பது அப்போதைய மனைவி பாலினின் செல்லப் பெயர். ஸ்பெயின் நாட்டுச் சரகோசாவில் கோயில் கொண்டுள்ள அன்னைக்கும் அதுவே பெயர்.

ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டிலும் பின்னர்க் கியூபாவிலும் இப்படகு நின்றது. 1934ஆம் ஆண்டுக் கோடையில் ஃபிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தினர் இதிலேறி வந்து ஹெமிங்வேயுடன் மீன்களை ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஹென்றி ஃபவுலர், மறு ஆண்டு ஒரு மீனினத்துக்கு 'நியோமெரிந்தி ஹெமிங்வேயி' எனப் பெயரிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது இதே படகில் துப்பாக்கிகளும் கையெறி குண்டுகளும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடிக் கியூபக் கடலில் அலைந்தார். ஒன்றையும் அவர் மூழ்கடிக்கவில்லை. அந்த அலைச்சல், அவர் மறைந்த பின் 1970இல் வெளிவந்த நாவலொன்றில் இடம்பெற்றது.

படகு அவருக்கு ஈந்த பெருஞ்செல்வம் வேறு. 1936 ஏப்ரல் 'எஸ்குயர்' இதழில் அவர் எழுதிய கட்டுரையொன்றில், சிறு படகில் தனியே சென்ற கியூபக் கிழவர் ஒருவரின் செய்தி சில வரிகளில் வருகிறது. மார்லின் என்னும் ஈட்டி மூக்குப் பெருமீன் அவரை நெடுந்தொலைவு இழுத்துச் சென்றது. அதனை வென்று படகோடு கட்டினார். சுறாக்கள் வந்து தின்றன. மற்ற மீனவர்கள் கண்டெடுத்தபோது பாதி மீனும் எஞ்சவில்லை, கிழவர் அழுதுகொண்டிருந்தார். இந்தச் செய்தி நூலாவதற்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. 'கிழவனும் கடலும்' 1952இல் வெளிவந்தது. 1953இல் புலிட்சர் பரிசும், 1954இல் நோபல் பரிசும் அவரை அடைந்தன. கதையைக் கேள்வியாலேயே பெறலாம். தூண்டிற்கயிறு உள்ளங்கையை அறுப்பதையும், நீரோட்டத்தின் நிறம் மாறுவதையும் எழுதுவதற்குக் கடலில் கழித்த ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளைத் தந்தது பிலார்.

படகைக் காத்தவர் கிரிகோரியோ ஃபுவென்டெஸ். 1897இல் கேனரித் தீவுகளில் பிறந்து, சிறு வயதிலேயே கியூபா சேர்ந்தவர். கோஹிமார் என்னும் மீனவச் சிற்றூரில் வாழ்ந்து, படகோட்டியாகவும் சமையற்காரராகவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெமிங்வேயுடன் இருந்தார். ஒருவர் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தவர், மற்றவர் தீவினர். பிறந்த மண்ணை விட்டு வந்த இருவரும் அந்தப் பலகைகளின்மீது கூடி வாழ்ந்தனர் என்பதை, வெளியூரில் குடியிருக்கும் நம்மனோர் எளிதில் உணர்வோம்.

1960 ஜூலையில் ஹெமிங்வே கியூபாவை விட்டு நீங்கினார். உடலும் உள்ளமும் நலிந்திருந்தன. பிலார் அங்கேயே நின்றது; அவர் திரும்பவில்லை. 1961 ஜூலை 2ஆம் நாள், கடலே இல்லாத ஐடஹோ மாநிலத்தில் தம் துப்பாக்கியாலேயே உயிர்நீத்தார். படகு கிரிகோரியோவுக்கு உரியதாயிற்று. அவர் அதனைக் கியூப அரசிடம் ஒப்படைத்தார். அவரோ 104 வயது வாழ்ந்து 2002இல் மறைந்தார்.

ஹவானாவுக்கு வெளியே, ஹெமிங்வே வாழ்ந்த ஃபின்கா விஹியா இல்லம் அருங்காட்சியகமாயிற்று. டென்னிஸ் ஆடுகளம் இருந்த இடத்தில் பிலாரைக் கரையேற்றி நிறுத்தினர். கோஹிமார் மீனவர்களுக்கு ஒரு சிலை எழுப்பும் ஆவல் எழுந்தது. செம்புக்கும் பித்தளைக்கும் பணமில்லை. தத்தம் படகுகளிலிருந்த சுழல்விசிறிகளையும் பிற உலோகத் துண்டுகளையும் கழற்றிக் கொடுத்தனர். அவற்றை உருக்கி வார்த்த ஹெமிங்வேயின் மார்பளவுச் சிலை, 1962 முதல் கோஹிமார்க் கடலோரத்தில் நிற்கிறது.