அனலாக் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்

மாடுலர் சிந்தசைசரில் மின்னழுத்தங்களைப் பிடித்துவைத்து வரிசையாகக் கைமாற்றிவிடும் உறுப்பு அனலாக் ஷிஃப்ட் ரெஜிஸ்டர். 1970களில் செர்ஜ் செரெப்னின் கலிபோர்னியாவில் உருவாக்கிய செர்ஜ் அமைப்பில், மூன்று வெளியீடுகளோடு அமைந்த வடிவம் பெயர்பெற்றது. ஒரு துடிப்பு வந்ததும் உள்ளீட்டில் அக்கணம் இருக்கும் அழுத்தம் முதல் வெளியீட்டில் நிற்கும். அங்கிருந்தது இரண்டாவதற்கும், இரண்டாவதில் இருந்தது மூன்றாவதற்கும் நகரும். மூன்றாவதில் இருந்தது தொலைந்துபோகும். கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுவதுபோலத்தான். கடைசி ஆள் கையைக் காலி செய்தால்தான் முந்தையவர் கொடுக்க முடியும்; மின்சுற்றிலும் கடைசிப் படியே முதலில் நகர்கிறது. எல்லாப் படிகளும் ஒருசேரத் திறந்தால் புதிய அழுத்தம் மூன்றையும் கடந்து ஓடிவிடும்.

இதை எதிரொலிக் கருவியின் உறவாகச் சொல்வதுண்டு. எதிரொலி நொடிகளை எண்ணுகிறது. இது துடிப்புகளை எண்ணுகிறது. 1969இல் பிலிப்ஸ் நிறுவனத்தில் உருவான பக்கெட் பிரிகேட் சாதனமும் இதே கைமாற்றல்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதில் படிகள் நூற்றுக்கணக்கில், துடிப்புகள் நொடிக்குப் பல்லாயிரம். சீராக ஓடுவதால் எண்ணிக்கையே நேரமாகிவிடுகிறது. இங்கே துடிப்பைத் தருபவர் இசைஞர், அது சீராக இருக்கக் கட்டாயமில்லை. அதனால்தான் மூன்று வெளியீடுகளிலும் ஆளுக்கொரு ஆசிலேட்டரைக் குரலாக இணைத்தால் ‘கேனன்’ (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடரும் வடிவம்) கிடைக்கும் என்ற பழைய விளக்கத்தை அப்படியே ஏற்க முடியாது. முதல் குரலில் ஒரு சுரம் 1 நொடியும் அடுத்த சுரம் 3 நொடியும் நின்றால், இரண்டாம் குரலில் அந்த முதல் சுரம் 3 நொடி நிற்கும். சுரவரிசை பின்தொடர்கிறது, கால அளவு பின்தொடர்வதில்லை. மூன்று குரல்களும் ஏறத்தாழ ஒரே கணத்தில் மாறுவதால் காதில் விழுவது நகர்ந்துகொண்டே இருக்கும் சுரக்கொத்து. துடிப்பு சீராக இருந்தால் மட்டுமே கேனன் என்ற பெயர் முழுதாகப் பொருந்தும்.

அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மின்தேக்கி கசியும் என்பது இதன் பழைய குறை. எண்மத்துக்கு 1 வோல்ட் என்ற அளவில் அரைச்சுரம் ஏறத்தாழ 83 மில்லிவோல்ட்; 10 மில்லிவோல்ட் சரிந்தாலே சுருதி 12 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கிவிடும். படிக்குப் படி பிழையும் சேரும். ஆர்னமென்ட் அண்ட் கிரைம் போன்ற கருவிகள் அழுத்தத்தை எண்ணாக மாற்றிச் சேமித்து இதைத் தவிர்க்கின்றன. அப்படியானால் அது அனலாக் இல்லையே என்பது அடுத்த ஆட்சேபம். கையிலிருந்து கைக்குப் போவது எது என்று பார்த்தால் குழப்பம் தீரும்: இங்கே போவது சுருதியைக் குறிக்கும் ஒரு முழு மதிப்பு, நிரலாக எழுதினாலும் அதேதான். டாம் விட்வெல் வடிவமைத்த டியூரிங் மெஷின் என்ற சிந்தசைசர் உறுப்பில் நகர்பவை 0, 1 என்ற பிட்கள் மட்டுமே. அது ஷிஃப்ட் ரெஜிஸ்டர்தான். அனலாக் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் அல்ல.