முதிரை போன வழி: படுவான்கரைக் காடுகளும் மர வாணிகமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களைத் தாண்டி உன்னிச்சை, உறுகாமம், குடும்பிமலை என விரியும் உலர்வலயக் காடு சேனைப் பயிர்ச்செய்கையால் அழிந்தது என்பதே வழக்கமான விளக்கம். சென்னை வனத்துறையிலிருந்து வந்த வின்சென்ட் 1882இல் அளித்த அறிக்கையும் சேனையைக் கண்டித்தது. சேனை காட்டின் பரப்பைக் குறைத்தது உண்மைதான். ஆனால் முதுமரங்களைத் தேடித் தேடி அகற்றியது வாணிகம். இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதியதால் வாணிகத்தின் பங்கு மறைந்துபோனது.

1845 முதல் 1850 வரை குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில், மட்டக்களப்பைச் சூழ்ந்த காடுகளில் முதிரை அடர்ந்து நூறடி வரை ஓங்கி நின்றதையும், அதன் நிழலில் நாட்கணக்காகக் குதிரையில் சென்றதையும் பதிவு செய்கிறார். மரத்தின் பாரம் காரணமாக மக்கள் ஆற்றங்கரையை ஒட்டியே அதை வெட்டி, நீர்வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர் என்றும் சொல்கிறார். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. ஆயினும் உட்காட்டைக் காத்தது அச்சட்டமன்று; வண்டிமாடு இழுக்கமாட்டாத அந்தப் பாரமே.

பாதை திறக்கத் திறக்க அந்தக் காவல் தளர்ந்தது. 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபை பட்டிப்பளை ஆற்றுப் படுகையில் இயந்திரங்களை இறக்கிப் பெருங்காட்டை வயலும் கரும்புத் தோட்டமும் ஆக்கியது. 1968இல் அரச மரக் கூட்டுத்தாபனம் உருவானது.

தெரிந்தெடுத்து வெட்டுவதால் காடு அழிவதில்லை என்று வாதிடுவோர் உண்டு. எது வெட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். முதிரை கதவு நிலைக்கும் யன்னலுக்கும், பாலை வளைக்கும் சிலிப்பர் கட்டைக்கும், கருங்காலி தளபாடத்துக்கும் போகின்றன. அடிமரம் வரிவரியாகப் புடைத்து முறுகிய வீரையை மர ஆலைக்காரர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகவே நேரான மரம் போய், கோணல் மரம் எஞ்சுகிறது. மிக மெதுவாக வளரும் பாலையில் முதிர்ந்தவற்றை எடுத்துவிட்டால் விதைக்கும் பழத்துக்கும் தாய்மரம் இல்லை. கோடையில் அப்பழத்தை நம்பும் கரடிக்கும் இரை குறைகிறது. வானிலிருந்து எடுத்த படத்தில் மட்டும் எல்லாம் பச்சை.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும் முதுமரங்களை வீழ்த்தியதே எனலாம். ஆனால் காற்று விலை பார்த்து மரம் சாய்ப்பதில்லை. இக்காடுகள் ஆதிக்காடுகளும் அல்ல; பல இடங்களில் தூர்ந்த குளக்கட்டுகளின் மேல் மரம் நிற்கிறது. கைவிடப்பட்ட நிலம் மீண்டும் பெருங்காடாகப் பல நூற்றாண்டுகள் பிடித்தன என்பதையே அது காட்டுகிறது. மறுபடி வளர்ந்துவிடும் என்போர் அந்தக் கால அளவையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இலங்கையின் காட்டுப்பரப்பு 1956இல் 44 சதவீதம், 1983இல் ஏறத்தாழ 27 சதவீதம். 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்குத் தடை வந்தது. அதன் பின்னும் முதிரைக் குற்றிகளுடன் லொறி பிடிபட்டது என்பது கிழக்கில் வழமையான பத்திரிகைச் செய்தி. பரப்பைச் சொல்லும் சதவீதம் இந்த இழப்பைக் காட்டாது. வனத் திணைக்களம் படுவான்கரைக் காடுகளில் முதிரை, பாலை, கருங்காலி ஆகியவற்றை இனவாரியாகவும் சுற்றளவுவாரியாகவும் எண்ணி, பிரதேச செயலகப் பிரிவு தோறும் அக்கணக்கைத் தமிழில் வெளியிடவேண்டும்.